கடல் வழிவிட்ட கோட்டை

மலையைப் பார்த்தே பொழுது அறிந்து வளர்ந்தவன் நான். செஞ்சியில் பிறந்தவர்களுக்குக் கோட்டை என்றால் மலை. மலை என்றால் கோட்டை. இராசகிரியின் உச்சியில் முதல் வெயில் விழுந்தால் எழும் நேரம். அதே மலையின் பின்னால் வெயில் சாய்ந்தால் விளையாட்டை விட்டு வீடு திரும்பும் நேரம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் தழுவி ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீட்டர் நீளத்திற்குச் செல்லும் அம்மதிலை, எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் போலவே எண்ணி வளர்ந்தோம்.

பின்னாளில் தமிழ் பயின்று, திருக்குறளை மாணவர்க்குக் கற்பிக்கும் நிலைக்கு வந்தபோது, ‘அரண்’ என்னும் அதிகாரத்தில் என் மனம் ஓரிடத்தில் எப்போதும் நின்றுவிடும். அரணுக்குரிய உறுப்புகளாக நீர், வெளிநிலம், மலை, காடு என நான்கினை எண்ணும் வள்ளுவர், நீரையே முதலில் வைக்கிறார். மலைக்கு மூன்றாம் இடந்தான். மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பிறந்த எனக்கு இதில் சிறு மனக்குறை. மலையை விடவா நீர் பெரிது என்று வகுப்பில் நானே வினவி, நானே ஏதோ ஒரு விடையைச் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அவ்வினாவுக்கு உண்மையான விடையை, வகுப்பறைக்கு வெளியே, நம் நாட்டின் மேலைக் கடலோரத்தில் ஒரு சிறு தீவில்தான் கண்டேன்.

பயணத்தின் தொடக்கம்

2025ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள், பாரிசில் கூடிய உலக மரபுக் குழு, மராத்தியர் படைத்துறைச் சின்னங்களாகப் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. செய்தி வந்த மறுநாள் காலையில் மும்பையிலிருந்து என் பள்ளித் தோழன் தொலைபேசியில் அழைத்தான். வங்கிப் பணியின் பொருட்டு அங்கே குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. “நம் கோட்டையை உலகமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பட்டியலில் கடல் நடுவே இருக்கிற கோட்டைகளும் உண்டு. நீ ஒருமுறை இங்கே வா, கடற்கோட்டை ஒன்றை உனக்குக் காட்டுகிறேன்” என்றான்.

கந்தேரி, சுவர்ணதுர்க், சிந்துதுர்க் ஆகிய தீவுக் கோட்டைகள் அப்பட்டியலில் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவன் எனக்குக் காட்டக் கருதியது அவற்றுள் ஒன்றன்று. அலிபாக் நகரின் கரைக்கு அப்பால் உள்ள குலாபா என்னும் கோட்டை அது. பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆயினும் மற்றவற்றுக்கு இல்லாத ஒரு தனித்தன்மை அதற்கு உண்டு. கடல் உள்வாங்கும் வேளையில் கரையிலிருந்து நடந்தே அதற்குள் போகலாம். கடல் ஏறிவிட்டால் அது தீவு. நாளொன்றுக்கு இருமுறை அது தீவாகிறது. இருமுறை கரையோடு சேர்கிறது.

போவதாக ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகும் உள்ளத்தில் ஒரு தயக்கம் இருந்தது. அதன் காரணத்தைச் சொல்ல, முப்பத்தைந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நாடகத்தில் நான் ஏற்ற வேடம்

நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி ஆண்டு விழாவில் ‘தேசிங்குராசன்’ நாடகம் போடுவதென முடிவாயிற்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அக்கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714ஆம் ஆண்டில் போர்க்களத்தில் உயிர்விட்ட இளைஞன் தேசிங்கு. அவனுடைய உயிர்த்தோழன் மகபத்கான். எங்கள் பக்கத்துக் கதைப்பாடலில் ‘மோவுத்துக்காரன்’ என்று வருபவன் அவனே. தன் திருமணப் பந்தலிலிருந்து எழுந்து, நீலவேணி என்னும் குதிரையேறி வந்து, நண்பனுக்காகப் பொருது மாண்டவன்.

எனக்கு மகபத்கானாக நடிக்க ஆசை. குதிரையேறி வருபவன் அல்லவா! ஆனால் வேடங்களைப் பிரித்தபோது, என் பெயரைப் படித்தவுடனேயே, “இவன் நவாபு” என்று முடிவாகிவிட்டது. தேசிங்காக நடித்தவன் என் தோழன். பின்னாளில் மும்பைக்குப் போனவன் இவனே. நாடகம் நன்றாகவே நடந்தது. மறுநாள் மாலை நாங்கள் ஏழெட்டுப் பேர் கோட்டைக்குள் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒருவன், “உங்க நவாபுதானடா எங்க ராசாவைக் கொன்னது? இந்தக் கோட்டையில உனக்கு என்னடா வேலை?” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுச் சொல்தான். சொன்னவனே மறுநாள் அதை மறந்திருப்பான். ஆனால் ‘உங்க’, ‘எங்க’ என்னும் இரண்டு சொற்களும் என்னுள் தைத்துவிட்டன. அதன் பிறகு நான் கோட்டைக்கு விளையாடப் போகவில்லை.

தையற்கடை வைத்திருந்த என் அத்தா இதை எப்படியோ அறிந்துகொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கடையைச் சாத்திவிட்டு, மிதிவண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு நீலாம்பூண்டிக்குச் சென்றார். மகபத்கானின் அடக்கத்தலமென ஊரார் போற்றும் இடம் அங்கே உள்ளது. அதன்முன் சற்று நேரம் நின்றபின், “அந்தச் சண்டையில் நம் பெயருடையவர்கள் ஒரு பக்கத்தில் மட்டுமா நின்றார்கள்?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் கோட்டைக்குள் சாதத்துல்லாகான் பள்ளிவாசலையும் காட்டினார். நவாபின் வெற்றிக்குப் பின், 1717-18ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. “வென்றவன் கட்டியதும் இதோ நிற்கிறது. தோற்றவன் பெயரும் ஊரார் வாயில் நிற்கிறது” என்றார். அத்தாவின் சொல் என் அறிவுக்கு எட்டியது. மனத்தின் தையல் பிரிய நெடுங்காலம் ஆயிற்று.

என் தோழனோடு நட்பு முறியவில்லை. ஆயினும் அந்த மாலையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அவன் கோட்டைக்கு அழைக்கும்போதெல்லாம் ஏதேனும் ஒரு காரணம் சொல்லித் தவிர்த்துவிடுவேன். இப்போது அவன் அழைத்ததும் ஒரு கோட்டைக்கே.

ஓதம் விலகிய வழி

அவ்வாண்டின் இறுதி விடுமுறையில் மும்பை சென்றேன். ‘இந்தியாவின் நுழைவாயில்’ அருகே படகேறி மாண்ட்வா துறையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் அலிபாக் அடைந்தோம். அன்றிரவு அங்கேயே தங்கினோம். முழுநிலவு கழிந்து நான்காம் நாள் அது. காலை ஒன்பது மணியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றியிருக்கும் என்று விடுதியில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

கடலின் ஏற்றமும் வற்றமும் நிலவின் ஈர்ப்பால் பெரிதும் நிகழ்வன. கதிரவனின் ஈர்ப்புக்கும் அதில் பங்குண்டு. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் செல்லும். ஆகவே கடல் வழிவிடும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போகும். நம் சென்னைக் கடலில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. அதனால் நம் பக்கத்தில் கடற்கரைக்குப் போகிறவர்கள் பலர் அதைக் கருதுவதே இல்லை. மும்பைக் கடலிலோ, முழுநிலவு, மறைநிலவு நாள்களை ஒட்டி அவ்வேறுபாடு நான்கு மீட்டரைத் தாண்டும். நம் புலவர்கள் ‘ஓதம்’ என்று ஒரு சொல்லில் அடக்கியதன் பேருருவை அன்றுதான் கண்ணாரக் கண்டேன்.

முந்தைய மாலை நாங்கள் கண்டது அலைகளுக்கு நடுவே நின்ற ஒரு கரிய மதில். காலையில் அதே மதிலுக்கும் எங்களுக்கும் நடுவே ஈர மணலும், பாறைத் திட்டுகளும், ஆங்காங்கே கணுக்கால் அளவு நீருமே இருந்தன. குதிரை வண்டிகள் சிலரை ஏற்றிக்கொண்டு சென்றன. நாங்கள் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. நேற்று மீன் நீந்திய இடத்தில் இன்று நாம் நடக்கிறோம் என்னும் எண்ணமே உடலைச் சிலிர்க்க வைத்தது.

மலை தந்தவரே கடலில் எழுப்பியது

செஞ்சிக்கும் குலாபாவுக்கும் உள்ள உறவு கற்பனையன்று. 1677ஆம் ஆண்டில் தென்னாட்டுப் படையெடுப்பின்போது, பீசப்பூர் அரசின் வசமிருந்த செஞ்சியைச் சிவாசி கைப்பற்றினார். கைப்பற்றியதோடு நில்லாமல் மதில்களையும் அகழிகளையும் திருத்தி வலுவாக்கினார். அவருடைய மகன் இராசாராமுக்கு, மராத்திய அரசே அழிந்துவிடுமோ என்றிருந்த காலத்தில், புகலிடம் தந்தது செஞ்சியே. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதனை முற்றுகையிட்டது. கோட்டை வீழ்வதற்கு முன்பே இராசாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

செஞ்சியை வலுவாக்கிய அதே சிவாசி, 1680ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குலாபாவின் கட்டுமானத்தைத் தொடங்கினார். ஏப்ரல் 3ஆம் நாள் அவர் மறைந்தார். பணியை அடுத்த ஆண்டில் நிறைவேற்றியவர் அவருடைய மூத்த மகன் சம்பாசி. கோட்டையின் பொறுப்பு தரியா சாரங், மாய்நாக் பண்டாரி என்னும் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ‘தரியா’ என்பது பாரசீகத்தில் கடல். ‘சாரங்’ என்பதோ நமக்குப் புதிய சொல்லன்று. நம் கடற்கரை ஊர்களில் மரக்கலத் தலைவனை இன்றும் ‘சாரங்கு’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு கோட்டையின் வரலாற்றில் நம் கீழக்கரைக்காரர் நாவில் புழங்கும் சொல்லைக் கண்டபோது, உறவினர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் சந்தித்தாற்போன்று இருந்தது.

1713ஆம் ஆண்டில் குலாபா கடற்படைத் தலைவர் கானோசி ஆங்கரேயின் கைக்கு வந்தது. 1721ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் கூட்டாகத் தாக்கியும் அதனை வெல்ல முடியவில்லை. கானோசி 1729இல் இறந்தார். அவர்தம் வழியினரின் ஆட்சி முடிந்து, 1840ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று ஊரென்று சொல்லத்தக்க குடியிருப்பு அங்கே இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் மதிலும், இடிபாடுகளும், வழிபாட்டு இடங்களுமே எஞ்சியுள்ளன.

மதிலும் கிணறும்

கரையை நோக்கிய வாயிலின் அருகே சென்றதும், மதிலைத் தொட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ இருபத்தைந்து அடி உயரம். பெரிய பெரிய கற்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இடையே சுண்ணச்சாந்து இல்லை. செஞ்சியில் சாந்து பூசிய மதில்களைக் கண்டு பழகிய எனக்கு இது வியப்பாக இருந்தது. அதன் காரணத்தை அங்கிருந்த முதியவர் ஒருவர் சொல்ல, தோழன் மொழிபெயர்த்தான். மோதும் அலையின் நீர் கற்களின் இடுக்குகளுக்குள் புகுந்து பரவிவிடுவதால் அடியின் வேகம் குறைந்துவிடுமாம். இடுக்குகளைச் சாந்திட்டு அடைத்திருந்தால் ஒவ்வோர் அலையின் முழு அடியையும் மதில் தாங்க வேண்டியிருக்கும். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கற்கள் நிற்கின்றன.

வாயில் கடந்து உள்ளே சென்றால், சிற்ப வேலைப்பாடமைந்த கல் நிலைகள், படிக்கட்டுகளோடு கூடிய குளம், இடிந்த மனைகளின் அடித்தளங்கள். அரண்மனை இருந்த இடத்தில் இன்று கல்மேடைகளே உள்ளன. 1787இல் நேர்ந்த பெருந்தீயில் ஆங்கரேயர் மாளிகை அழிந்தது. 1842இல் எஞ்சிய மரக் கட்டுமானங்களை ஆங்கிலேயர் ஏலத்தில் விற்றனர். கற்களை அலிபாக் நகரின் குடிநீர்ப் பணிக்குப் பயன்படுத்தினர். அரசர் வாழ்ந்த மனையின் கல், ஊரார்க்கு நீர் கொண்டுவரப் போயிற்று. மதிலின்மேல் ஆங்கில நாட்டு இரும்பாலை ஒன்றில் வார்த்த இரு பீரங்கிகள் சக்கரங்களோடு நின்றிருந்தன. அவை யாரையும் குறிவைக்கவில்லை. அவற்றின்மேல் காக்கைகள் அமர்ந்திருந்தன.

மதிலுக்கு உட்புறம் 1759ஆம் ஆண்டில் இரகோசி ஆங்கரே கட்டிய சித்திவிநாயகர் கோயில் உள்ளது. அதே மதிலுக்குள் ஹாஜி கமாலுத்தீன் ஷா அவர்களின் தர்காவும் உள்ளது. தோழன் கோயிலுக்குள் சென்று வணங்கி வந்தான். நான் தர்காவில் ஸலாம் சொல்லி ஃபாத்திஹா ஓதினேன். இருவரும் வெளியே வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்விடத்தில் அதுபற்றிப் பேச எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இவை அனைத்தினும் என்னை ஆட்கொண்டது கிணறு. நாற்புறமும் உப்புக் கடல். இத்தீவின் வயிற்றிலோ நன்னீர். கையில் அள்ளிச் சுவைத்தேன். எங்கள் ஊர் ஊற்றுநீரின் சுவையே இருந்தது. பெய்யும் மழை நிலத்தில் இறங்கி, கடல்நீரினும் எடை குறைந்ததாகையால் அதன்மேல் தங்கி நிற்பது சிறு தீவுகளில் இயல்பு என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, நாவில் உணர்ந்தது வேறு. வள்ளுவர் நீரை ஏன் முதலில் வைத்தார் என்பது அப்போது விளங்கிற்று. பகைவனைத் தடுக்க மதில் போதும், பீரங்கி போதும், கடலே போதும். உள்ளிருப்பவன் உயிர்வாழ நீர் வேண்டும். செஞ்சியில் இராசகிரி உச்சியிலும் வற்றாத சுனை உண்டு. கலியாண மகாலின் மேல்மாடம் வரை சுடுமண் குழாய்களால் நீரேற்றிய அமைப்பும் உண்டு. அவற்றைப் பார்த்தே வளர்ந்தும், அரணின் உயிர்நிலை அதுவே என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

வழி அடைபட்ட வேளை

கிணற்றடியிலும் கல்லிடுக்குகளிலும் நேரம் போனதே தெரியவில்லை. பதினொரு மணிக்கு மேல் வாயிலுக்கு வந்தபோது, காலையில் நடந்து வந்த மணல்வழியைக் காணோம். முதலில் சிறு சிறு நாக்குகளாக நீர் உள்ளே வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்குகள் ஒன்றுகூடின. தோழன் வேட்டியை மடித்துக் கட்டுபவனைப் போலக் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, “முழங்கால் அளவுதான், வா, போய்விடலாம்” என்றான். முன்பு மதிலைப் பற்றிச் சொன்ன முதியவர் குறுக்கிட்டுத் தடுத்தார். நடுவழியில் நீரின் இழுப்பு பெரிது. இடுப்பளவு ஏறிவிட்டால் திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. நீர் இன்னும் உயர்ந்தபின் படகு வரும், அதுவரை இருங்கள் என்றார்.

செஞ்சியில் இராசகிரி உச்சிக்குச் செல்லும் வழியில் ஓர் ஆழ்ந்த பிளவு உண்டு. அதன்மேல் உள்ள மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலிருப்பவரைக் கீழிருப்பவர் அணுக இயலாது. இங்கே அப்பாலத்தை எடுப்பதும் வைப்பதும் கடலே. யாருடைய ஆணைக்கும் அது காத்திருப்பதில்லை.

காத்திருந்தோம். வாயிலின் நிழலில், கல்லின்மேல், இருவரும் அருகருகே அமர்ந்தோம். எழுந்து போக வழியில்லை. இல்லாவிட்டால் அன்றும் நான் ஏதேனும் காரணம் சொல்லி எழுந்திருப்பேன். நெடுநேரம் கழித்து அவன் கேட்டான்: “அந்த நாடகத்துக்கு அப்புறம் நீ ஏன்டா மலைக்கே வரவில்லை?”

“உனக்கு நினைவிருக்கிறதா?” என்றேன்.

“இருக்கிறது. அவன் சொன்னபோது நானும் சிரித்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டுப் போனாய். மறுநாள் உன்னிடம் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். பிறகு பரீட்சை வந்தது, லீவு வந்தது. எப்படிப் பேசுவது என்று தெரியாமலேயே இத்தனை வருடம் போய்விட்டது.”

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சிரித்தவர்களுள் அவனும் ஒருவன் என்பதை நான் அறிவேன். நான் அறிந்திருந்தேன் என்பதை அவனும் அறிந்திருந்தான் என்பதுதான் எனக்குப் புதிய செய்தி. எனக்கு அது ஒரு மாலையின் காயம். அவனுக்கோ முப்பத்தைந்து ஆண்டுச் சுமை. கோட்டையைத் தவிர்த்ததன் மூலம் நான் ஒருவனே வருந்தியதாக எண்ணியிருந்தேன். ஒவ்வொரு முறை நான் காரணம் சொல்லித் தவிர்த்தபோதும் அவன் எதை எண்ணியிருப்பான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அதை அவனிடம் சொன்னேன். “நானாவது கேட்டிருக்கலாம்” என்றேன்.

லுஹர் நேரம் வந்தது. ஒளுச் செய்ய வேண்டுமே என்று நான் எழுந்தபோது, அவன் எனக்கு முன்பே கிணற்றடிக்குப் போய்விட்டான். கயிற்றில் கட்டியிருந்த வாளியை இறக்கி நீர் இறைத்தான். நான் கை நீட்ட, அவன் வார்த்தான். முகம் கழுவினேன், கால் கழுவினேன். “போதுமா?” என்றான். “போதும்” என்றேன். நான் தொழுது முடிக்கும் வரை, மதிலோரத்தில் என் காலணிகளைக் காற்று புரட்டிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிற்பகலில் படகு வந்தது. காலையில் நடந்து கடந்த இடத்தின் மேலேயே மிதந்து கரை சேர்ந்தோம்.

மீண்டும் செஞ்சியில்

இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் அவன் ஊருக்கு வந்திருந்தான். இருவரும் இராசகிரி ஏறினோம். நாற்பதைக் கடந்த உடம்புகள். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். பிளவின்மேல் உள்ள பாலத்தைக் கடந்து உச்சியை அடைந்தபோது, கீழே பள்ளிவாசலும், வேங்கடரமணர் கோயிலும், களஞ்சியமும், குளங்களும் ஒரே பார்வையில் தெரிந்தன. உலக மரபுப் பட்டியல் இக்கோட்டையை மராத்தியரின் பெயரில் சேர்த்துள்ளது. ஆனால் இக்கற்களில் நாயக்கர் கை உண்டு. பீசப்பூரார் கை உண்டு. மராத்தியர், முகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் வந்து தங்கிச் சென்ற தடம் உண்டு. கல் சுமந்த எளியவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ‘உங்க’, ‘எங்க’ என்னும் இரு சொற்களை வைத்துக்கொண்டு இக்கோட்டையைப் பங்கிட முனைவோர்க்கு ஒரு கல்லும் முழுதாகக் கிடைக்காது.

தொன்மைச் சின்னங்களைக் காப்பதென்பது கல்லைக் காப்பது மட்டுமன்று என்பதை மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளையும் சிதைவின்றிக் காக்க வேண்டும். தேசிங்கின் கதையிலிருந்து மகபத்கானை நீக்கிவிட்டால் பகை மட்டுமே எஞ்சும். குலாபாவின் வரலாற்றிலிருந்து தரியா சாரங்கையோ மாய்நாக் பண்டாரியையோ நீக்கிவிட்டால் யாருக்கும் பயன்படாத அரைவரலாறே எஞ்சும். கோட்டைக்குப் போகும்போது, மதிலின் உயரத்தை அளப்பதோடு நின்றுவிடாமல், நீர் எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பாருங்கள். உள்ளே வாழ்ந்தவர்கள் அதைச் சுற்றித்தான் கூடியிருப்பார்கள்.

நம் தமிழ்த்துறையின் முத்தமிழ் விழாவில் இவ்வாண்டு ‘தேசிங்குராசன்’ நாடகம் நடைபெற உள்ளது. வேடங்களைப் பிரிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, யார் எந்த வேடத்தை விரும்புகிறீர்கள் என்று மாணவர்களையே கேட்டேன். மகபத்கான் வேடத்திற்கு ஆறு பேர் கை உயர்த்தினார்கள். நவாபு வேடத்திற்கு ஒருவரும் முன்வரவில்லை.

அதை நானே ஏற்றுக்கொண்டேன். தோழனுக்கு அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறேன்.